படியில் கேட்ட சிரிப்பு

ஜூன் 4

உருண்டை,

போன் பண்ணினால் எடுக்க மாட்டேன் என்கிறாய். எடுத்தாலும் "கிளாஸ் இருக்கும்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இன்னும் வந்து சேரவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது பார். கிழித்துப் போடலாம். ஆனால் எழுத்து இருக்கிற காகிதத்தை நீ கிழிக்க மாட்டாய். அது உங்கப்பா வளர்த்த வளர்ப்பு.

நான் எழுதி எத்தனையோ காலமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் வருகைக்குக் கையெழுத்துப் போடுவதோடு சரி. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பிழைக்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிடாதே.

உங்கப்பா போய் நாலு மாசம் ஆகப்போகிறது. லாண்டரி வேலைக்கு விடாமல் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்தால் சுவரோடு பேச வேண்டும், அங்கே போனால் ரேடியோவோடு பேசலாம். பேசலாம் என்பது தப்பு. கேட்கலாம். ரேடியோவை உனக்கு ஞாபகம் இருக்கும், என்னோடு ஜோடி சேர்ந்து பெட்ஷீட் மடிக்கிறவள். அணைக்கிற பொத்தான் வைக்காமல் செய்துவிட்டார்கள் என்று உங்கப்பா வைத்த பேர். அவள் எதிரிலேயே அப்படிக் கூப்பிடுவார், அவளும் "என்னண்ணே" என்று திரும்பிப் பார்ப்பாள்.

போன வாரம் வார்டிலிருந்து இறங்கிய அழுக்கு மூட்டையில் ஒரு பத்திரிகை கிடந்தது. யாரோ நோயாளி படித்துவிட்டு விரிப்போடு சேர்த்துச் சுருட்டியிருக்கிறார். மூட்டையில் என்னென்னவோ வரும். கண்ணாடி வரும், ஒற்றைத் தோடு வரும், ஒருமுறை சிரித்தபடி ஒரு பல்செட் வந்தது. இந்தத் தடவை நீ வந்தாய்.

"ஏய், இது உன் பொண்ணுடி! போட்டோ போட்டிருக்கான். உன் மூக்கு, உன் வீட்டுக்காரர் முழி. அப்படியே இருக்கா பாரேன்" என்று ரேடியோ கூவினாள். மெஷின் ஓட்டுகிறவர்கள், இஸ்திரி போடுகிறவர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மனித இயல்பைப் பற்றி இலக்கியமும் தத்துவமும் நமக்கு என்ன கற்பிக்கின்றன என்று தலைப்பு. ரேடியோ சத்தமாக வாசித்தாள். எனக்குப் பாதி புரியவில்லை. புரியாமல் இருப்பதும் பெருமையாகத்தான் இருந்தது. என் வயிற்றில் பிறந்தது எனக்கே புரியாத அளவுக்குப் போய்விட்டதே என்று.

அப்புறம் அந்த இடம் வந்தது. நீ எழுதியதுதான், இருந்தாலும் எழுதுகிறேன். ஒருவேளை நீ மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. "எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி. முப்பது ஆண்டுகள் கூடி வாழ்ந்த கணவரின் உடல் கூடத்தில் கிடந்தபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். துக்கம் மனிதர் எல்லோருக்கும் பொது என்கிறோம். துக்கம் எட்டாத மனங்களும் உண்டு என்பதை அன்று கண்டேன்."

இஸ்திரிக்காரி, "புருஷன் பொணத்துக்கு முன்னாடி நின்னு சிரிச்சாளாமா! என்ன பொம்பளை அவ?" என்றாள். இன்னொருத்தி, "இருக்கிற வரைக்கும் அந்த ஆளை என்ன பாடு படுத்தினாளோ" என்றாள். ரேடியோ என் பக்கம் திரும்பி, "நீ சொல்லுடி, இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா?" என்று கேட்டாள்.

"ஆமா. என்ன ஜென்மமோ" என்றேன்.

பெட்ஷீட்டின் முனையை எடுத்து நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டாள். மடித்தோம்.

பஸ்ஸில் வரும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். உனக்கு நிறையப் பேரைத் தெரியும். படித்தவர்கள், எழுதுகிறவர்கள், அவர்கள் வீடுகளிலும் சாவு விழுந்திருக்கும். வேறு யாராவது சிரித்திருக்கலாம். அப்படியென்றால் ஒரு வரி எழுதிவிடு, நிம்மதியாகத் தூங்குவேன்.

அது நானா?

அம்மா


ஜூன் 19

அம்மா,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உறையின் மேல் "உருண்டை, தத்துவத் துறை" என்று எழுதி அனுப்பியிருக்கிறாய். துறை உதவியாளர் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாக ஏறி இறங்கி, "இங்க உருண்டைங்கிறது யாருங்க மேடம்?" என்று விசாரித்திருக்கிறார். என் அறைக்கு வந்தபோது மாணவர்கள் இருந்தார்கள். நான்தான் என்று கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. இனிமேல் என்னை அப்படிக் கூப்பிடாதே.

ஆமாம், அது நீதான்.

உன் பெயரைப் போடவில்லை. என்ன உறவு என்றும் சொல்லவில்லை. அது உன் காது வரைக்கும் வரும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஆனால் வந்துவிட்டது என்பதற்காக, எழுதியது பொய் என்று சொல்லமாட்டேன்.

அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று உனக்குச் சொல்ல முயல்கிறேன். மனிதன் இயல்பாகவே நல்லவன் என்று ஒரு கூட்டம், இயல்பாகவே கெட்டவன், அவனைக் கட்டி வைத்தால்தான் ஆகும் என்று இன்னொரு கூட்டம், பிறக்கும்போது வெறும் பலகை, எழுதுவதெல்லாம் பிறகுதான் என்று மூன்றாவது கூட்டம். காலங்காலமாக இந்த வாதம் நடக்கிறது. இலக்கியம் இதில் கலந்துகொண்டு வாதாடுவதில்லை. ஓர் ஆளைக் கொண்டுவந்து நம் முன்னால் நிறுத்தி, இவனைப் பார் என்கிறது. நானும் ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கண்ணால் பார்த்ததை எழுதினேன்.

நீயும் அப்பாவும் சண்டை போடாத ஒரு நாள் எனக்கு நினைவில்லை. சோப்பை ஈரத்தில் வைத்ததற்குச் சண்டை. ஜன்னலைத் திறந்ததற்குச் சண்டை, அதையே மூடியதற்கும் சண்டை. அடியில் ஏதோ இருக்கிறது, அதனால்தான் இரண்டு பேரும் பிரியாமல் இருக்கிறீர்கள் என்று சின்ன வயதிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். இரவும் பகலும் வண்டியில் உட்கார்ந்தும் நின்றும் வந்தேன், அவர் முகத்தை ஒருமுறை பார்க்க. வாசலில் கால் வைக்கிறேன். நீ சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

என் மாணவர்களில் ஒருவர் இதைக் கதையாக எழுதிக்கொண்டு வந்திருந்தால், நம்பும்படி இல்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பேன்.

அந்தக் கட்டுரை என் புத்தகத்தில் முதல் அத்தியாயம். ஆகஸ்ட் கடைசியில் அச்சுக்குப் போகிறது. ஏதாவது சொல்வதென்றால் அதற்குள் சொல். ஏன் சிரித்தாய்?

உன் மகள்


ஜூலை 2

பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உறையின் மேல் தங்கள் முழுப் பெயரையும் பட்டங்களையும் எழுதியிருக்கிறேன். இடம் போதாமல் தபால் தலையைப் பின்பக்கம் ஒட்ட வேண்டியதாயிற்று.

ஒருத்தி கழுத்தில் அட்டையை எழுதி மாட்டி நடுத்தெருவில் நிற்க வைத்துவிட்டு, அப்புறம் பக்கத்தில் வந்து "ஏன் இங்க நிக்கிற?" என்று கேட்கிறீர்கள். கேட்டுவிட்டு எழுதுவது என்று ஒரு வழி இருக்கிறதாம். படிக்காதவர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

காரணம் சொல்ல மாட்டேன். தாங்கள் நிறையப் படித்தவர்கள், தாங்களே யோசித்துக்கொள்ளுங்கள். நல்லவள், கெட்டவள், பலகை, இதில் எந்த வரிசையில் என்னை உட்கார வைத்தாலும் சம்மதம்.

இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நான்.

இப்படிக்கு,
எனக்குத் தெரிந்த ஒரு பெண்மணி


ஜூலை 11

உருண்டை,

கூப்பிடாதே என்றாய். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் யாரோ ஒருத்திக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. உறையில் ஒழுங்காக எழுதியிருக்கிறேன், உள்ளே என் இஷ்டம்.

போன கடிதத்தைக் கோபத்தில் பெட்டியில் போட்டுவிட்டேன். போட்ட உடனே கையை விட்டு எடுக்கப் பார்த்தேன். தபால் பெட்டிக்கு வாய் சின்னது, மணிக்கட்டோடு மாட்டிக்கொண்டது. பின்னால் நின்ற ஆள், "என்னம்மா, தபாலா திருடறீங்க?" என்றார். "என்னோடதுதான்யா" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார். அதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார், எனக்கு இதுதான் வியாதி. வரக்கூடாத இடத்தில் வந்துவிடுகிறது.

சொல்கிறேன்.

பெட்ஷீட் மடிப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டும். பிறகு ஒருத்தர் நிற்க வேண்டும், ஒருத்தர் வர வேண்டும். அவ்வளவுதான். உங்கப்பாவுக்கு இந்த நிற்கிற வேலை மட்டும் வரவே இல்லை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஓடுகிற பஸ்ஸில் முன்னும் பின்னும் நடந்து டிக்கெட் கொடுத்த ஆள். நான் முனையைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கம் போனால், அவரும் என் பக்கம் கிளம்பி வந்துவிடுவார். நடுவில் இடித்துக்கொள்வோம். கையை மாற்றிப் பிடிப்பார், துணி முறுக்கிக்கொண்டு கயிறாகிவிடும்.

"கயிறா திரிக்கிறீங்க? நில்லுங்கன்னா நிக்க மாட்டீங்களா?" என்பேன்.

"நீ வர்றப்போ எப்படிடி நிக்கிறது?" என்பார்.

முப்பது வருஷமும் இதே பதில். அது கொஞ்சலா, கிண்டலா என்று நான் கேட்டதில்லை. கேட்டால் நாம் எதிர்பார்த்த பதில் வராது என்று ஒரு பயம். முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் இந்த மடிப்பு மட்டும் நின்றதில்லை. பேசாமலே ஆளுக்கு ஒரு முனையைப் பிடிப்போம், பேசாமலே இடித்துக்கொள்வோம். நீ உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்துக்கொண்டிருப்பாய். நாங்கள் சண்டை போடுவது மட்டும்தான் உனக்குக் கேட்டிருக்கும். இதில் சத்தம் கிடையாதே.

அன்றைக்கு அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தது. மேலே போட்டிருந்த துணி கசங்கிவிட்டது, நல்லதாக ஒன்று போர்த்தலாம் என்று வீட்டு ஓனர் சொன்னார். நான் பீரோவிலிருந்து வெள்ளை பெட்ஷீட்டை எடுத்துக் கொடுத்தேன். ஒரு பக்கம் ஓனரே பிடித்தார். இன்னொரு பக்கம், உங்கப்பா பஸ்ஸை ஓட்டுகிற டிரைவர் தம்பி. அழுது அழுது அவனுக்குக் கண்ணே தெரியவில்லை. விரிக்கிறேன் என்று இவன் வலது பக்கம் திருப்பினான், அவர் இடது பக்கம் திருப்பினார். துணி கயிறாகிவிட்டது. உங்கப்பாவுக்கு மேலே, இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தர், நடுவில் வெள்ளைக் கயிறு.

"நீங்க அந்தப் பக்கம் திருப்புங்க சார்."

"நீதாம்பா திருப்பிட்ட. நான் சரியாத்தான் பிடிச்சிருக்கேன்."

"சரியா பிடிச்சா இது எப்படி சார் முறுக்கிக்கும்?"

இரண்டு பேரும் அவரைச் சுற்றி வந்து இடம் மாறினார்கள். இன்னும் ஒரு முறுக்கு ஏறியது.

அப்போது என் காதில் உங்கப்பா குரல் கேட்டது. பேய் பிசாசு என்று நினைக்காதே. ஒருத்தரோடு இத்தனை வருஷம் இருந்தால் அவர் என்ன சொல்வார் என்று தெரியாதா? "என்னை விட மோசமானவனுங்க இருக்கானுங்க பாத்தியா? இனிமே என்னைத் திட்டுவியா?" அப்படித்தான் சொல்லியிருப்பார். நான் அவர் பக்கம் திரும்பினேன். பதில் சொல்லத்தான் திரும்பினேன் உருண்டை. திரும்பும்போதே சிரிப்பு கிளம்பிவிட்டது. திரும்பின பிறகுதான் அவர் படுத்திருப்பது தெரிந்தது.

சிரிப்பு வாயை விட்டு வெளியே போய்விட்டது. திருப்பி எடுக்க வழியில்லை. நிமிர்ந்தால் வாசலில் நீ.

துக்கம் எட்டாத மனம் என்று எழுதியிருந்தாய். எட்டியதா இல்லையா என்று எனக்கு எப்படிச் சொல்லத் தெரியும்? இப்போது வீட்டில் பெட்ஷீட் மடிக்க, ஒரு பக்கத்தைக் கதவுத் தாழ்ப்பாளில் மாட்டிக்கொள்கிறேன். தாழ்ப்பாள் நன்றாக நிற்கிறது. நான் போனால் எதிரே வருவதில்லை. ஒரு சுருக்கம் விழுவதில்லை.

எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா


ஆகஸ்ட் 20

அம்மா,

பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்குக் கோபம் காரணமில்லை. எழுத உட்கார்ந்தால் கட்டுரை மாதிரி வந்தது. கிழித்தேன். ஆமாம், எழுத்து இருக்கிற காகிதத்தை இப்போது கிழிக்கிறேன். அப்பா பார்த்தால் திட்டியிருப்பார்.

வாசலில் கால் வைத்தபோது நீ சிரித்துக்கொண்டிருந்தாய் என்று உனக்கு எழுதியிருந்தேன். அது சரியில்லை. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டது அதற்கு முன்னால், படியில். இரண்டாவது மாடி திரும்புகிற இடத்தில், விளக்கு எரியாதே, அங்கே.

உனக்குப் பல சிரிப்புகள் உண்டு. எதிர்வீட்டாரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. மூக்கில் ஆரம்பித்து, அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் கொட்டிவிடுகிற சிரிப்பு ஒன்று இருக்கிறது. அது அப்பா ஏதாவது சொன்னால் மட்டும்தான் வரும். வேறு யாருக்கும் நீ அதைக் கொடுத்ததில்லை. படியில் கேட்டது அதுதான்.

கேட்டதும் என்ன நினைத்தேன் தெரியுமா? செய்தி தப்பு. யாருக்கோ சொல்ல வேண்டியதை எனக்குச் சொல்லிவிட்டார்கள். அப்பா உள்ளே இருக்கிறார், ஏதோ சொல்லியிருக்கிறார், அம்மா சிரிக்கிறாள். பையை அங்கேயே போட்டேன். மீதிப் படிகளை எப்படி ஏறினேன் என்றே தெரியாது. அவரிடம் முதலில் எதைச் சொல்லித் திட்டுவது என்றுகூட யோசித்துக்கொண்டு வந்தேன்.

பிறகு கூடத்தைப் பார்த்தேன்.

அந்த ஒரு மாடி ஏறுகிற நேரம் எனக்கு அப்பா திரும்பக் கிடைத்திருந்தார். அதைப் பறித்தது நீ என்று மனதில் விழுந்துவிட்டது. மறுநாளே கிளம்பியதும், போனை எடுக்காததும், அந்தக் கட்டுரையும் எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். அறிவாக எழுதியதாக நினைத்தேன். அது அழுகை அம்மா. அடிக்குறிப்பெல்லாம் போட்டு அழுதிருக்கிறேன்.

வகுப்பில் எப்போதும் ஒன்று சொல்வேன். வாழ்க்கையில் இன்னொருவர் மனதுக்குள் போக நமக்கு வழியில்லை, கதையில் அந்த வழி இருக்கிறது, அதற்காகத்தான் படிக்கிறோம். இப்போதும் அதை நம்புகிறேன். ஆனால் புத்தகத்தில் அப்படி உள்ளே போய்ப் பழகியதில், வெளியே இருக்கிற ஆட்களுக்குள்ளும் கதவைத் தட்டாமல் போய்விடலாம் என்று நினைத்துவிட்டேன். உனக்குள் போய்விட்டு வந்ததாகவே நினைத்துக்கொண்டு எழுதினேன். நான் போனது என் மனதுக்குள்தான்.

கட்டுரையில் அந்தப் பக்கத்தை முழுவதும் நீக்கிப் பார்த்தேன். பிறகு நீ எழுதியதைச் சேர்த்துப் பார்த்தேன். நீ சொன்னபோது இருந்த உயிர் என் கையில் பட்டதும் பாடமாகிவிடுகிறது. கடைசியில் நீ சிரித்ததை மட்டும் வைத்திருக்கிறேன். துக்கம் எட்டாத மனம் என்ற வாக்கியத்தை அடித்துவிட்டேன். அந்த இடத்தில் வேறு எதையும் எழுதவில்லை. பதிப்பாளர், "இங்க ஒரு முடிவு வேணுமே மேடம், படிக்கிறவங்க அந்தரத்துல நிப்பாங்களே" என்றார். "கொஞ்ச நேரம் நிக்கட்டும் சார்" என்றேன். அப்படியே அச்சுக்குப் போகிறது.

இத்துடன் ஒரு கதைப் புத்தகம் அனுப்புகிறேன். பெரிய எழுத்து. கடலோர விளக்கு ஏற்றுகிற ஒருவனும் அவன் மனைவியும். மெதுவாகப் படி, அவசரமில்லை. பரீட்சைத் தாள்கள் திருத்தி முடித்ததும் வருகிறேன். இந்தத் தடவை மறுநாளே கிளம்ப மாட்டேன்.

ஒன்று கேட்கட்டுமா? அப்பா மேல் உனக்குப் பிரியம் இருந்தது என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் நீ சொல்லிக் கேட்க வேண்டும் போலிருக்கிறது.

உருண்டை என்று கூப்பிடு. உறையில் வேண்டாம்.

உன் மகள்


செப்டம்பர் 9

உருண்டை,

உறையில் எழுதவில்லை. ஆனால் எழுதக் கை துறுதுறுத்தது.

உன் கடிதத்தில் படியில் கேட்டதாக எழுதியிருந்த இடத்தைப் படித்தேன். அதற்கு மேல் அன்று ஒன்றும் படிக்கவில்லை. மீதியை மறுநாள் படித்தேன். மூக்கில் ஆரம்பிக்குமா என் சிரிப்பு? எனக்கே தெரியாது. இத்தனை காலம் அதை யாரும் சொன்னதில்லை.

ஓடி வந்தாயே, அந்தப் பையை அன்று நான்தான் எடுத்து வந்தேன். படியில் ஏன் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. களைப்பில் போட்டுவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன். நீ எனக்குள் தப்பாகப் போனாய் என்று வருத்தப்படுகிறாய். நான் உனக்குள் போய்ப் பார்க்கக்கூட இல்லை.

ரேடியோவிடம் சொல்லிவிட்டேன். டீ குடிக்கும்போது, "அந்தப் பத்திரிகையில வந்த பொம்பளை நான்தான்" என்றேன். முதல் தடவையாக ரேடியோ நின்றது. அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அடிப்பாவி, அப்பவே சொல்றதுக்கென்ன? வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேனேடி" என்றாள். "நானும்தானே உன்கூடச் சேர்ந்து பேசினேன்" என்றேன். அவள் அழுதாள். நான்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. புருஷன் செத்தது எனக்கு, தேறுதல் அவளுக்கு.

புத்தகம் வந்தது. டீ நேரத்தில் நான் விரல் வைத்துப் படிக்கிறேன், அவள் கேட்கிறாள். அவள் கேட்கிறாள் என்று எழுதுவதே எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. அதில் ஓர் இடம். விளக்குக்காரன் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறான். "என்ன யோசனை?" என்று பெண்டாட்டி கேட்கிறாள். "ஒன்றுமில்லை" என்கிறான். அடுத்த வரியில், கடலில் போன தம்பியின் செருப்பு இன்னும் வாசலில் கிடப்பதை அவன் நினைத்துக்கொண்டிருந்தான் என்று போட்டிருக்கிறது. ரேடியோ என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "இரு இரு. பொண்டாட்டிகிட்டயே ஒண்ணுமில்லன்னுட்டான். அப்புறம் எழுதினவருக்கு மட்டும் எப்படிடி தெரிஞ்சுது?" என்று கேட்டாள். நான் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினேன். அவளோ விடவில்லை. "கூடவே இருக்கிறவளுக்குத் தெரியல, எங்கேயோ உக்காந்து எழுதுறவருக்குத் தெரியுதாம். நல்லா இருக்குடி நியாயம்" என்று சாயங்காலம் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்க முடியவில்லை.

பிரியம் இருந்ததா என்று கேட்டிருந்தாய். எழுதிப் பார்த்தேன். கடையில் விற்கிற வாழ்த்து அட்டை மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன். இந்தப் பக்கத்தின் அடியில் மை அடர்த்தியாக இருக்கிறதே, அங்கேதான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கொஞ்சம் தெரியும். பார்த்துக்கொள்.

நீ எப்போது வந்தாலும் வா. நான் வேலையில் இருந்தால் சாவி எதிர்வீட்டில் இருக்கும். படியில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. ரேடியோவிடம்கூட இல்லை. சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

கடைசி நாள் காலையில் உங்கப்பா எப்போதும் போலத்தான் கிளம்பினார். டிக்கெட் பையை மாட்டிக்கொண்டார், சண்டை இல்லை, ஒன்றுமில்லை. நான் அடுப்பு மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். படியிறங்குகிற சத்தம் கேட்டது. கீழ்ப்படி வரைக்கும் போயிருப்பார். அப்புறம் திரும்ப ஏறி வருகிற சத்தம். வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

"என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"ஒண்ணுமில்லாததுக்கா இத்தனை படி ஏறி வந்தீங்க?"

சிரித்தார். பையைத் தோளில் சரியாக ஏற்றிப் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். கையில் துணியோடு நானும் நின்றேன், பாதி மேடைதான் துடைத்து ஆகியிருந்தது. அப்புறம் இறங்கிப் போய்விட்டார். மத்தியானம் டிப்போவிலிருந்து ஆள் வந்தது.

எதையாவது மறந்துவிட்டுத்தான் ஏறி வந்தார் என்று வீடு முழுக்கத் தேடினேன். விசில், கண்ணாடி, குடை, சாப்பாட்டு டப்பா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் போயிருக்கிறார். எல்லாம் டிப்போவிலிருந்து பத்திரமாகத் திரும்பி வந்தன. மறந்த சாமான் என்று ஒன்றும் இல்லை. நேரத்துக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று பறக்கிற ஆள். சும்மா படி ஏறி வருகிறவர் இல்லை.

விளக்குக்காரனுக்கு அடுத்த வரி இருக்கிறது. எங்கள் வீட்டுக் கதையில் அந்த "ஒண்ணுமில்ல"க்கு அப்புறம் காகிதம் காலியாக இருக்கிறது. முப்பது வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை. நீ அவர் மடியில் உட்கார்ந்து எழுத்துப் படித்தவள். மனுஷ மனசைப் பற்றி ஊருக்கே பாடம் சொல்கிறாய். எத்தனையோ புத்தகம் படித்திருக்கிறாய், எங்கேயாவது இருக்கும்.

உருண்டை, அந்த மனுஷன் என்னிடம் என்ன சொல்ல ஏறி வந்தார்?